சூடு ஆறுமுன் ஏற்றிய லோடு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்து, அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தொழிற்சாலையின் ஆபரேஷன்ஸ் முழுவதும் உன் பொறுப்பு என்று சொன்னபோது, "சரிப்பா, சந்தோஷம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்டது எனக்கும் கேட்டது. அடுப்பில் பால் வைத்திருக்கிறாள் என்று அவர் சமாளித்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. இருநூறு பேர் வேலை செய்கிற இடம் என்று நீ சொன்னதும் எனக்கு ஒரு பெண்ணின் முகம் வந்து நின்றது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னை வாழ்த்த வாய் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லியிருக்கலாம். நேரில் என்றால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

செயக்கொடியை உனக்கு நினைவிருக்கும். நம் வாழைக்காய் பேக்கிங் ஷெட்டில் கழுவுகிற தொட்டிப் பக்கம் நின்றிருப்பாள். உயரமாக இருப்பாள், அதிகம் பேசமாட்டாள். நீ ஹாஸ்டலிலிருந்து வந்த ஒரு லீவில், "செயக்கொடி அத்தையை எங்கம்மா காணோம்?" என்று கேட்டாய். வேறு வேலைக்குப் போய்விட்டாள் என்றேன். அது பொய் இல்லை. ஆனால் உண்மையில் எவ்வளவு சொல்லவேண்டுமோ அவ்வளவை நான் சொல்லவில்லை.

அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆன வருஷம் ஷெட் என் கைக்கு வந்தது. ஆபரேஷன் என்றால் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். சின்னமனூரிலிருந்து மார்க்கையன்கோட்டை போகிற ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு நீளமான கட்டடம், அதில் முப்பது பெண்கள், பத்து ஆண்கள். வயலில் காலையில் வெட்டிய தார்கள் டிராக்டரில் வரும். தாரிலிருந்து சீப்புகளை வெட்டி எடுக்கவேண்டும், பால் கறை போகத் தொட்டியில் கழுவவேண்டும், தரம் பிரித்து, எடை போட்டு, பெட்டியில் அடுக்கி, குளிர் அறையில் வைத்து, பிறகு கன்டெய்னரில் ஏற்றவேண்டும். சொல்ல ஒரு மூச்சில் முடிந்துவிடுகிறது. முதல் வாரம் தினமும் மத்தியானத்துக்குள் தொட்டிக்கு முன்னால் காய் மலை மாதிரி குவிந்துவிட்டது. அடியில் கிடந்தவை அழுந்திக் கறுத்தன. ஆள் போதவில்லை என்று நினைத்துச் சீப்பு வெட்ட இன்னும் நான்கு பேரைக் கூட்டிவந்தேன். மலை இன்னும் பெரிதானது.

மூன்றாம் நாள் செயக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அக்கா, வெட்டுறவுகளத்தான் நாலு பேரு கூட்டிருக்கீக. தொட்டி அதே தொட்டிதான. நாங்க எப்பிடிக் கழுவுறது?"

"அப்ப என்ன செய்யச் சொல்ற?"

"வெட்டுறவுகள்ல ரெண்டு பேர இங்கன அனுப்புங்க. மத்தவுக நிதானமா வெட்டட்டும். கழுவ முடியிற அளவுக்கு வெட்டுனாப் போதும்ல."

அவள் ஐந்தாவது வரை படித்தவள். அன்று சாயங்காலம் அதே ஆட்கள், அதே காய், பெட்டி மட்டும் கூடுதலாகப் போயிருந்தது. உன் படிப்பில் இதற்கு ஒரு பெயர் இருக்கும், அதை நீ பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பாய். எந்த இடத்தில் வேலை அடைத்துக்கொள்கிறதோ அந்த இடம்தான் அன்றைக்கு நம் ஷெட்டின் வேகம், மற்ற இடங்களில் எவ்வளவு ஓடினாலும் அது வீண் ஓட்டம். எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அடுத்த வருஷம் இரண்டாவது தொட்டி கட்டினோம். அதன் பிறகு எடை போடுகிற இடத்தில் அடைத்தது. தராசை ஒரு மூலையில் வைத்திருந்தேன், பிளக் அங்கேதான் இருந்தது என்பதற்காக. பெண்கள் ஈரத் தரையில் கூடையைத் தூக்கிக்கொண்டு ஷெட்டின் நீளத்துக்கும் நடந்து திரும்புவார்கள். "வயர இழுத்தா தராசு இங்கன வந்துரும், இல்லன்னா நாங்க அங்கன போய்க்கிட்டே இருக்கணும்" என்று அவள் சொன்ன பிறகுதான் எனக்கு அது கண்ணில் பட்டது. எலக்ட்ரீஷியனுக்கு அரைநாள் வேலை. அரைநாள் வேலைக்காக இரண்டு வருஷம் அவர்களை நடக்கவிட்டிருந்தேன்.

தரம் பார்ப்பதிலும் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. மணிக்கு ஒருதரம் ஏதாவது ஒரு பெட்டியை மூடும் முன் நிறுத்தி, உள்ளே கையை விட்டுப் பார்ப்பாள். கீறல் இருந்தால் பேக் செய்தவளைத் திட்டமாட்டாள். எந்தக் கத்தி, எந்தத் தொட்டி, எந்த டிராக்டர் என்று பின்னாலேயே போய்ப் பார்த்துவிட்டு வருவாள். பெரும்பாலும் கூடையில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். "மூடுறதுக்கு முன்னாடி பாத்தாத்தான்க்கா பாத்தது. மூடுன பெறகு பாத்தா அது பஞ்சாயத்து" என்பாள். அப்படித்தான் பதினோரு வருஷம் போனது. நம் ஷெட்டின் பெயரைச் சொல்லி ஏற்றுமதிக் கம்பெனிகள் தேடி வந்தன. வந்தவர்களிடம் எல்லாம் என் நிர்வாகம் என்று நானே சொல்லிக்கொண்டேன்.

நீ பதினோராவது படித்த வருஷம். நோன்புக் காலத்துக்கு முன்பு வளைகுடாவில் வாழைப்பழத்துக்குக் கிராக்கி. கம்பெனிக்காரர் மூன்று நாளில் இரண்டு கன்டெய்னர் முடியுமா என்று கேட்டார். நம் குளிர் அறையில் ஒரு லோடுதான் வைக்கமுடியும், வைத்த காய் உள்வரைக்கும் குளிர ஒரு முழு நாளுக்கு மேல் ஆகும். முடியாது என்று சொல்லியிருக்கவேண்டும். முடியும் என்றேன். வாயால் ஒப்புக்கொண்டால் அறை பெரிதாகிவிடும் என்று நினைத்தேன் போல. இதற்கு மேல் ஒன்று. அந்த அறையின் கம்ப்ரசர் ஒரு மாதமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. சர்வீஸ் செய்ய ஒரு நாள் நிறுத்தவேண்டும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். சீசனில்தான் அது ஓடுகிறது, சீசனில்தான் அது கெடும் என்று எனக்குத் தெரியாமலில்லை.

முதல் லோடு சரியாகப் போய்விட்டது. இரண்டாவது லோடை அறையில் வைத்த அன்று வெயில் கடுமை. மின்சாரம் இரண்டு முறை நின்றது. மறுநாள் காலை கன்டெய்னர் வண்டி வாசலில் நின்றது, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். செயக்கொடி அறையின் நடுவிலிருந்து ஒரு பெட்டியை உருவி, காய்களுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தாள். வெளியே வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி என் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, நடுப் பெட்டியெல்லாம் இன்னும் சூடு ஆறல. இன்னைக்கு ஏத்த வேண்டாம்."

"வண்டி நிக்குதுல்ல. கப்பலுக்கு நேரம் இருக்கு."

"ஒரு நா பொறுத்தா ஆறிரும்க்கா. இப்பிடியே போனா வழியிலேயே பழுத்துரும்."

"கன்டெய்னர்லயும் குளிரு ஓடத்தான செய்யுது. ஏத்தச் சொல்லு."

அவள் போய் ஏற்றச் சொன்னாள்.

காய் அங்கே போய் இறங்கியபோது பாதிக்கு மேல் மஞ்சளாகி, அடியில் இருந்தவை கறுத்துக் குழைந்திருந்தன. போட்டோக்கள் வந்தன. நான்கு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் காரில் வந்து ஷெட்டுக்கு நடுவில் நின்றார்கள். கோபமாகக்கூடப் பேசவில்லை. "எங்கன தப்பு நடந்துச்சு, யாரு பொறுப்புன்னு மட்டும் சொல்லுங்கம்மா. நாங்க மேல ஒரு பேரு சொல்லணும்" என்றார் மூத்தவர். பெண்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பெயரைச் சொல்ல ஒரு வினாடி போதும். நான் திரும்பி, "தரம் பாக்குறது செயக்கொடிதான். முத்துன காயக் கலந்து விட்டுட்டா" என்றேன்.

தம்பி, அவள் மறுத்துப் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். பேசியிருந்தால் எனக்குக் கோபப்பட ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவள் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடித்தாள். "நாளையிலருந்து வரவேண்டாம்" என்று நான் சொன்னபோது "சரிக்கா" என்றாள். பதினோரு வருஷத்துக்கு அந்த ஒரு சொல்தான்.

ஒரு மாதம் கழித்து, கன்டெய்னருக்குள் வெப்பத்தைக் குறித்துக்கொள்கிற கருவியின் தாள் வந்தது. ஏற்றிய நிமிஷத்திலேயே காய் சூடாக இருந்தது என்று அந்தக் கோடு சொன்னது. எனக்கு அது புதிய செய்தி இல்லை. கம்பெனிக்காரர்களும் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது, நான் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் தாளைக் காட்டினேன். அவர் படுத்திருந்தபடியே படித்துவிட்டு, "அந்தப் புள்ளையக் கூப்பிட்டு வந்துரு" என்றார். அவள் அதற்குள் கம்பத்திலிருந்து ஜீப் ஏறி மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். கூப்பிடலாம், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவள் போன பிறகு ஷெட்டில் ஒரு அமைதி வந்தது. அதை நான் ஒழுங்கு என்று நினைத்தேன். யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை. காலையில் "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டால் "இருக்குக்கா" என்பார்கள். நான்கு மாதம் அப்படி ஓடியது. ஒரு நாள் பெட்டிகளை நகர்த்துகிற பெல்ட்டின் சங்கிலியில், பேக்கிங் வேலை செய்யும் முத்துமாரியின் சேலை முந்தானை மாட்டியது. அவள் அதை இழுக்கப்போய் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. சங்கிலிக்கு மேல் இருக்கவேண்டிய தகர மூடி மூன்று வாரமாகக் கழன்று சுவரில் சாய்ந்து கிடந்திருக்கிறது. தேனி ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏன் ஆத்தா யாருமே எங்கிட்டச் சொல்லல?" என்று கேட்டேன். அவள் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"சொன்னா யாருக்கா பேச்சு வாங்குறது? செயக்கொடியக்கா சொல்லித்தான போச்சு."

உன்னிடம் இதை மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். இயந்திரம், ஆள், சரக்கு, நேரம் என்று எதை எதையோ கணக்குப் போட்டு ஓட்டச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கீழே நடக்கிறது உன் காதுக்கு வந்தால்தான் அதெல்லாம் உதவும். கெட்ட செய்தியைக் கொண்டுவந்த ஒருவரை நீ ஒருமுறை தண்டித்துவிட்டால், அதன் பிறகு உனக்கு நல்ல செய்தி மட்டுமே வரும். இயந்திரம் நல்ல செய்தியால் ஓடாது. முத்துமாரியின் விரலை எடுத்தது சங்கிலி இல்லை, நான் அன்று சொன்ன வார்த்தை.

அந்த வாரமே கம்பத்துக்குப் போனேன். சாயங்காலம் மலையிலிருந்து ஜீப்புகள் இறங்குகிற நேரம். ஒரு ஜீப்பிலிருந்து பதினைந்து பெண்கள் இறங்கினார்கள், அவள் கடைசியாக இறங்கினாள். மெலிந்திருந்தாள். உள்ளங்கை ஏலச் செடியின் கறையில் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னக்கா, இம்புட்டுத் தூரம்? அண்ணனுக்கு முதுகு தேவலையா?" என்றாள்.

"திரும்பி வந்துரு செயக்கொடி. தப்பு என் மேலதான்."

"எனக்குத் தெரியும்க்கா."

"அப்ப வா."

அவள் பக்கத்தில் நின்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினாள். குரலில் கோபமே இல்லை. "அன்னைக்கு அத்தன பேரு முன்னால சொன்னீக. இன்னைக்கு ரோட்டுல தனியா வந்து கூப்பிடுறீக. எங்க வீட்டுக்காரரு ஊருக்குள்ள தலையக் குனிஞ்சுக்கிட்டு நடக்குறாரு. அதே எடத்துல, அவுகள்லாம் இருக்கையில சொல்லுங்க. மறுநாளே வாரேன்."

சொல்கிறேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன். திங்கட்கிழமை சொல்வதாக இருந்தேன். அந்தத் திங்கட்கிழமை தரச் சான்றிதழுக்காக ஷெட்டைப் பார்க்க ஆட்கள் வருவதாகத் தகவல் வந்தது. அந்த நேரத்தில் முதலாளி எல்லார் முன்னாலும் நின்று என் தவறு என்று சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்தேன். இந்த ஒரு வாரம் போகட்டும் என்று நினைத்தேன். கம்ப்ரசரைத் தள்ளிப்போட்ட அதே புத்திதான்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் மலைப் பாதையில் மேகம் இறங்கியிருந்தது. ஒரு வளைவில் ஜீப் சறுக்கிக் கவிழ்ந்தது. பலருக்கு எலும்பு முறிவு. இரண்டு பேர் இறந்துபோனார்கள். அதில் ஒருத்தி செயக்கொடி.

மார்க்கையன்கோட்டையில் அவள் வீட்டுக்குப் போனேன். நம் ஷெட்டுப் பெண்கள் எல்லாரும் வேலைக்கு வராமல் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு வழி விட்டார்கள். அவள் கணவர் பெருமாள் எழுந்து வந்து, "அம்மா வந்துட்டாக, நாக்காலி போடுங்க" என்று யாரிடமோ சொன்னார். நான் உட்காரவில்லை. "போன வாரம் வீட்டுக்கு வந்து சொன்னா. அம்மா கூப்பிட்டாக, சீக்கிரம் ஷெட்டுக்கே போயிருவேன்னு சொன்னா. சந்தோசமாத்தான் இருந்தா" என்றார். அவள் என்னை நம்பியிருக்கிறாள். நான் தள்ளிப்போட்ட அந்த நாட்களை அவள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்த திங்கட்கிழமை ஷெட்டை நிறுத்தினேன். எல்லாரையும் நடுவில் கூப்பிட்டேன், பெருமாளையும் வரச்சொல்லியிருந்தேன். முந்தின வாரம் வந்த சான்றிதழ்க்காரர்களும் வேலை முடியாமல் அன்று வந்திருந்தார்கள். வெப்பம் குறித்த அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, அன்று அவள் என்ன சொன்னாள், நான் என்ன பதில் சொன்னேன், பிறகு யார் மேல் பழி போட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். யாரும் அழவில்லை, யாரும் என்னைத் திட்டவுமில்லை. கடைசியில், கட்டுப்போட்ட கையோடு வந்திருந்த முத்துமாரி, "எங்களுக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள். அவ்வளவுதான். முப்பது பேருக்கும் அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தவர்களுக்கு முன்னால்தான் நான் நான்கைந்து மாதம் முதலாளியாக நடந்திருக்கிறேன்.

அதன் பிறகு ஷெட்டை நான்கு வருஷம் நடத்தினேன். முடியாததை முடியாது என்று சொல்லப் பழகினேன். சீசனுக்கு முன்னாலேயே இயந்திரங்களை நிறுத்திச் சர்வீஸ் செய்தேன். நிறுத்து என்று யார் சொன்னாலும் லோடு நிற்கும் என்று வைத்தேன், இரண்டு முறை காரணமில்லாமலும் நின்றது, நிற்கட்டும் என்றேன். இதையெல்லாம் நான் உனக்கு அறிவுரையாகச் சொல்லலாம், நீயும் கேட்டுக்கொள்வாய். ஆனால் எனக்கு யாரும் இதைச் சொல்லாமலில்லை. செயக்கொடி பக்கத்தில் வந்து, மெதுவாக, என் மரியாதை கெடாமல் சொன்னாள். எனக்குத் தெரியாமல் நடந்த தப்பு இல்லை தம்பி. அதனால் உன்னிடம் நான் கேட்பது அறிவை அல்ல. உன்னைவிடக் குறைவாகப் படித்த ஒருவர் வந்து இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லும்போது, உன் வாசலிலும் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். அப்போது நிறுத்து. தப்பு உன்னுடையது என்று தெரிந்தால் அன்றைக்கே, அதே ஆட்களுக்கு முன்னால் சொல். மறுநாள் இருக்கிறது என்று நினைக்காதே.

பெருமாளைச் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் இப்போதும் எப்போதாவது பார்க்கிறேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. அவருக்கு எல்லாம் தெரியும், என் வாயாலேயே கேட்டவர். இருந்தும் தூரத்திலேயே என்னைப் பார்த்துத் தோள் துண்டை எடுத்து இடுப்பில் வைத்துக்கொள்வார். "நல்லா இருக்கீகளாம்மா? தம்பி எங்கன இருக்காரு?" என்று உன்னைப் பற்றியும் கேட்பார். பெரிய வேலையில் இருக்கிறான் என்று சொல்வேன். நல்லா இருக்கட்டும் என்பார். அவர் பஸ் ஏறிப் போகும்வரை நான் அங்கேயே நிற்பேன்.

உன் அம்மா